பேச்சியம்மாள் மேல் விழுந்த பழி

இல்லை. அவர் எந்தப் பிள்ளையின் சிறுநீரையும் வற்றச் செய்யவில்லை.

கேட்டவர் காசிம் நானா. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவர். மாதம் ஒரு முறை மூட்டை கட்டிக்கொண்டு பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வருவார். போன வாரம் ஒரு சாவுச் செய்தியோடு பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், ஒங்கட பழைய தோட்டத்து ஆயம்மா மவுத்தாயிட்டாவாம். வெள்ளிக்கிழம. நெஞ்சுச் சளியாம்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புள்ள ஒண்டுட மூத்திரத்தக் காச்சி வத்த வச்ச பொம்பள அவதானாமே. மெய்யா?"

மணி அடித்தது. உள்ளே போனேன். நான்காம் வகுப்புக்குப் பலகையில் எதையோ எழுதிப்போட்டேன். பிள்ளைகள் எழுதி முடித்து, நிமிர்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கும் மொனராகலை ரப்பர் மலைகளுக்கும் பிரிந்து போனவர்களுக்கும் சேர்த்து. படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். உங்களுக்குத் தெரியும்.

அவர் பெயர் பேச்சியம்மாள். தோட்டத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயம்மா. பெண்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த நீண்ட தகர அறையை, பிள்ளைக்காம்பராவை, பார்த்துக்கொண்டவர். என் அப்பா அதே தோட்டத்தில் மருந்து கலப்பவர். படித்த டாக்டர் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் டாக்டரையா. அப்பா அவரை 'நீ' என்பார். நானும் 'நீ' என்றே பேசினேன்; அவருக்கு நான் சின்னம்மா. அவருக்கு என் அம்மாவின் வயது. இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். செத்த பிறகு கொடுக்கும் மரியாதை. எழுதும்போது கை கூசுகிறது.

காலை. பனி இன்னும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளின் மேல் கிடக்கும். ஆயம்மா காம்பரா வாசலில் ஒரு வெள்ளைப் பீங்கானை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த சோற்றுப் பீங்கான். வருகிற பிள்ளை ஒவ்வொன்றின் முகத்தையும் இரண்டு கையாலும் பிடித்து, விடியும் பக்கமாகத் திருப்பி, கண் இமைகளைப் பார்ப்பார். இமை தடித்திருந்தால் பீங்கானில் சிறுநீர் கழிக்கச் சொல்வார். வெள்ளையில் நிறம் தெரியும். வைக்கோல் நிறமென்றால் போகலாம். பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறமென்றால் ஓர் இரும்புக் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி, தணலில் காட்டி, கொதி வந்ததும் எலுமிச்சங்காயில் ஒரு சொட்டுப் பிழிவார்.

"தெளிஞ்சா வெளயாடு. திரிஞ்சா படு."

இதுதான் சட்டம். திரிந்தால், அதாவது கெட்டுப்போன பாலைப்போல வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தால், அந்தப் பிள்ளைக்குக் காம்பராவின் மூலையில் சாக்குப் படுக்கை, கம்பளி, உப்பில்லாத கஞ்சி. கரண்டி தெளியும் வரைக்கும். சில பிள்ளைகளுக்கு இரண்டு வாரம். சிலருக்கு இரண்டு மாதம்.

கொழுந்துக் கூடையோடு கடந்து போகிற பெண்கள் சும்மா போகமாட்டார்கள்.

"என்ன ஆயம்மா, இன்னைக்கு யாரு வீட்டு ரசம்?"

"ஒன் வீட்டு ரசந்தான். ஒன் மாமியாதான் கேட்டனுப்புச்சா."

"புளி கூடிறாம பாத்துக்கங்க!"

"ஒனக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கவா? வெரசா வந்துரு, ஆறிப்போயிரும்."

மலைப்பாதை முழுவதும் சிரிப்பு ஏறிப் போகும். ஆயம்மா சிரிக்கமாட்டார். அடுத்த முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். எனக்கும் அப்போது அது வேடிக்கைதான். எங்கள் வீட்டில் அதைப் பற்றி மூக்கைச் சுளித்துக்கொண்டு பேசியிருக்கிறோம்.

எங்கே கற்றுக்கொண்டார் என்று ஒரு முறை கேட்டேன். இளம் வயதில் ஊருக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைத்தாராம். அங்கே ஒரு டாக்டர் கண்ணாடிக் குழாயில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பாராம். இவர் துணிக்கூடையோடு வாசலில் நின்று பார்த்தாராம். கண்ணாடிக் குழாய் இல்லை, கரண்டி. அமிலம் இல்லை, எலுமிச்சங்காய்.

"ஒனக்கு எதுக்கு ஆயம்மா இந்த வேலை? யாரும் சொல்லலையே."

"பாக்கத் தெரிஞ்சுபோச்சு சின்னம்மா. தெரிஞ்ச பொறகு பாக்காம எப்புடி இருக்கறது?"

வள்ளி என்று ஒரு பெண். ஏழு வயது. படுக்கையை நனைப்பவள். லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடும்பங்கள். யார் வீட்டுப் பாய் வெயிலில் காய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தாய் மத்தியானத்துக்குப் பிறகு அவளுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டாள். நாக்கு வறண்டு, மேல் உதடு வெடித்து, அந்தப் பெண் சாக்கடைத் தண்ணீரைக் கையால் அள்ளுவதை ஆயம்மா கண்டுபிடித்தார். பீங்கானில் கழிக்கச் சொன்னார். நிறம் சாயம் இல்லை, கழுநீர்போலக் கலங்கல். கழிக்கும்போது அந்தப் பெண்ணின் கால்விரல்கள் மண்ணில் மடங்கியதை அவர்தான் கவனித்தார். பீங்கானை அப்படியே தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்துவிட்டார். அப்பா திட்டினார். பிறகு பார்த்தார். பிறகு ஒரு குப்பியில் மருந்து கலந்து கொடுத்தார். பார்லித் தண்ணீர் குடம் குடமாகக் கொடுக்கச் சொன்னார்.

வள்ளியின் தாயிடம் ஆயம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

"எரியுதுன்னு சொல்லத் தெரியாத புள்ள நனைச்சுத்தான் சொல்லும். இனிமே அடிச்சீன்னா நான் ஒன்ன அடிப்பேன்."

அடித்திருக்கவும் கூடும்.

இனி தங்கம்.

ஜெர்மன் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள், 1917 வாக்கில். நான் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ரசாயனம் ஒரு பாடம். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தபோது புழு மருந்து வந்திருந்தது. அதற்கு முன் தோட்டத்தில் பாண்டு என்ற சோகை நோய் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வெளுத்த உதடு. வீங்கிய கால். பாதி மலையில் கூடையோடு உட்கார்ந்துவிடும் பெண்கள். மண்ணிலிருந்து காலில் ஏறுகிற புழு என்று கண்டுபிடித்து, அதற்கு ஓர் எண்ணெயும் கண்டுபிடித்திருந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இதையும் நான் கண்ணால் பார்த்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் உத்தரவு: ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே, வெறும் வயிற்றில். வாயைத் திறந்து விழுங்கியதைக் காட்டினால்தான் அன்றைக்குப் பெயர், அதாவது நாள்கூலி. பெரியவர்களுக்கு அப்பா கொடுப்பார். பிள்ளைகளுக்குச் சீனித் தண்ணீரில் எண்ணெய்த் துளிகளை விட்டு நான் கொடுக்க வேண்டும். என் கையில் பட்டியல். மருந்துப் பெட்டியோடு ஓர் அச்சிட்ட தாள் வந்திருந்தது, இங்கிலீஷில். தோட்டத்தில் அதைப் படிக்கக்கூடியவர்கள் தொரை, அப்பா, நான். நான் கடைசி வரி வரை படித்தேன். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று கடைசிக்கு முந்திய வரி சொன்னது.

படித்தேன். ஆனால் சிறுநீரக நோய் என்பது பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர்கள் கண்டுபிடிக்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். சோற்றுக் கரண்டியில் தெரியும் என்று நினைக்கவில்லை.

அன்று பிள்ளைகளின் வரிசையில் ஒரு பெயருக்கு ஆள் இல்லை. தங்கம், ஐந்து வயது, ராக்காயியின் மகள். ராக்காயி அப்போதே மருந்து குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி நின்றாள். மகள் காம்பராவில் இருப்பதாகச் சொன்னாள். நான் போனேன்.

ஆயம்மா தங்கத்தை மூலையில் சாக்குகளுக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார். கம்பளிக்கு மேலே முகம் மட்டும். இமைகள் இரண்டும் ஊறிய மொச்சைபோல. அந்தச் சிறுமி அவற்றின் நடுவே இருந்த சிறு இடைவெளி வழியாக என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு வேணாம் சின்னம்மா."

"லிஸ்டில பேர் இருக்கு ஆயம்மா."

"லிஸ்டுல பேருதான இருக்கு. மூஞ்சி இல்லையே. மூஞ்சியப் பாருங்க. புழு வீக்கம்னா பொழுதுசாயக் கால்ல நிக்கும். இது விடியும்போது கண்ணுல நிக்குது. வேற வீக்கம்."

"அப்பாவுக்குத் தெரியாததா?"

அவர் எழுந்து போய்க் கரண்டியை எடுத்து வந்தார். காலையில் காய்ச்சியது. ஆறிப்போயிருந்தது. சாய்த்துக் காட்டினார். அடியில் வெள்ளை, திரிதிரியாக.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளை என்ன என்று எனக்குத் தெரியும். முந்திய பருவத்தில்தான் கல்லூரிச் சோதனைச்சாலையில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கரைத்துக் காய்ச்சி, அமிலம் விட்டு, குழாயில் அது கட்டியாவதைப் பார்த்து, குறிப்பேட்டில் படம் வரைந்திருந்தேன். நல்ல மதிப்பெண். அதே வெள்ளை. உடம்பில் நிற்க வேண்டியது சிறுநீரில் வந்துகொண்டிருந்தது. வடிகட்ட வேண்டிய இடம் பழுதாகியிருந்தது. ஒரு நொடிக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கரண்டியைப் பார்த்தேன். கரி பிடித்த கரண்டி. எலுமிச்சங்காய்த் தோல். அவருடைய நகக்கண்ணில் சாம்பல். தெரிந்தது போய்விட்டது. போய்விட்டது என்று சொல்வது தவறு. நான் போகவிட்டேன்.

"இதெல்லாம் ஆஸ்பத்திரியில பாக்கவேண்டியது."

"அப்ப ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிக் குடுங்க. நான் தூக்கிட்டுப் போறேன்."

அந்தத் துண்டுச் சீட்டை அப்பா எழுத வேண்டும். அப்பா களத்தில் இருந்தார். பக்கத்தில் குதிரைமேல் தொரை இருந்தார். ஓர் ஆயா கரண்டியில் காய்ச்சிப் பார்த்ததாக நான் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். இங்கிலீஷில்.

அப்போது ராக்காயி உள்ளே வந்தாள்.

"என்ன ஆயம்மா இது? ஊருப் புள்ளைக்கெல்லாம் மருந்து. எம் புள்ளைக்கு மட்டும் மூலையா?"

"ராக்கு, சொன்னாக் கேளு. இது குண்டிக்காய் வீக்கம். அந்த எண்ணெ ஆகாது."

"நீ என்ன டாக்டரா? பத்து நாளா உப்பில்லாத கஞ்சி ஊத்துற. வீக்கம் வத்துச்சா? கருப்பாயி எந்திரிச்சு நடக்குறா, அந்த எண்ணெயக் குடிச்சுத்தான நடக்குறா?" பிறகு என்னிடம் திரும்பினாள். அவளுடைய குரல் மாறியது. "சின்னம்மா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. எம் புள்ளைக்குக் குடுங்கம்மா. கால்ல விழுறேன்."

விழவும் செய்தாள்.

நான் தங்கத்தைத் தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தாள், நீர்க்கனம். ஆயம்மா வழியை மறிக்கவில்லை. கம்பளி நழுவியது, அதை மட்டும் அவளைச் சுற்றி இழுத்துச் செருகிவிட்டார்.

களத்துக்குப் போகும் வழியில் தங்கம் கேட்டாள்.

"இனிக்குமா?"

"இனிக்கும்."

முதலில் இனித்தது. பிறகு தொண்டையைப் பிடித்தது. என்னை நம்பிக்கொண்டே விழுங்கினாள்.

மறுநாள் கொஞ்சம் சிறுநீர் போயிற்று, கறுப்பாக. அதற்கு அடுத்த நாள் இல்லை. ஆயம்மா வெந்நீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி அவளுடைய இடுப்பில் போட்டுக்கொண்டிருந்தார். யார் எது கேட்டாலும் "இன்னும் போகல" என்பது மட்டுமே அவருடைய பதில். நான்காம் நாள் காலையில் வலிப்பு வந்தது. அப்பா துண்டு எழுதினார். கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி, பதுளைப் பாதையில் இரண்டாம் வளைவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து திரும்பிவிட்டார்கள்.

எண்ணெய் கொன்றதா, நோயே கொன்றிருக்குமா, எனக்குத் தெரியாது. பிறகு சென்னையில் நூல் நூலாகத் தேடினேன். இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றுதான் தெரிந்தது. அந்த இடத்தில் நான் பல வருஷம் ஒளிந்திருந்தேன்.

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோது லயத்து வாசலில் எல்லோருடைய வாயிலும் அது இருந்தது. பிள்ளையின் சிறுநீரைத் தினமும் நெருப்பில் காய்ச்சினாள். அதனால் பிள்ளைக்குள்ளே இருந்ததும் சுண்டிப்போயிற்று. அடுப்பில் வைத்த தண்ணீர் சுண்டுவதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. பத்து நாள் காய்ச்சியதும் உண்மை. சிறுநீர் நின்றதும் உண்மை. நடுவில் நான் கொடுத்த ஒரு கரண்டிச் சீனித் தண்ணீர் யார் நினைவிலும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் குடித்ததுதானே.

ராக்காயி வெள்ளைப் பீங்கானை எடுத்து வந்து வாசல் கல்லில் அடித்தாள்.

"எம் புள்ளையக் காச்சிக் குடிச்சிட்டியேடி!"

ஆயம்மா நின்றுகொண்டிருந்தார். காலைகளில் ரசம் கேட்டுச் சிரித்த அதே பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவே மூன்று அடி. ஒரு முறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அச்சிட்ட தாளைக் காட்டினேன், கடைசிக்கு முந்திய வரியை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். நான்காக மடித்தார். "சாப்பிடு" என்றார்.

அதற்குப் பிறகு எந்தத் தாயும் அவரிடம் பிள்ளையின் சிறுநீரைக் காட்டவில்லை. பிள்ளைகளை விட்டுப் போவதற்கு வேறு இடம் இல்லாததால் விட்டார்கள். ஆனால் "ஆயம்மா கேட்டா ஒண்ணுக்குப் போகாத" என்று சொல்லி விட்டார்கள். அந்தச் சின்னப் பிள்ளைகள் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு, காலைக் காலோடு பின்னிக்கொண்டு, தாய் வரும் வரைக்கும் நிற்பதை நான் பார்த்தேன். ஆயம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நான் பாக்கல சாமி, போங்க, போயிட்டு வாங்க" என்று கெஞ்சுவார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

எனக்கு விடுமுறை முடிந்தது. சென்னைக்குப் போனேன்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கப்பலிலும் ரயிலிலும் வாசகங்களை அமைத்துக்கொண்டே வந்தேன். நல்ல வாசகங்கள். முதலில் அவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு எல்லோரிடமும்.

மாலை. பெண்கள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயம்மா காம்பரா வாசலில் ஒரு பானை வெந்நீரோடு உட்கார்ந்து, வரிசையில் நின்ற பிள்ளைகளின் சிரங்குகளைத் துணியால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கைகளில் கந்தகக் களிம்பு.

"இப்ப இதுதான் வேலையா?"

"மூத்திரம் பாக்க விடல. சரி, அதுக்கு முந்தி என்ன வருதுன்னு ஒக்காந்து யோசிச்சேன்." ஒரு கையைத் திருப்பி விரல் இடுக்கைப் பார்த்தார். "வீங்குன புள்ளைக எல்லாத்துக்கும் மூணு வாரத்துக்கு முந்தி சீழ் வச்ச செரங்கு இருந்துச்சு சின்னம்மா. தங்கத்துக்கும் இருந்துச்சு. அப்பவே கழுவியிருக்கணும். எனக்குத்தான் வெளங்கல."

எனக்குத்தான் விளங்கவில்லை என்று அவர் சொன்னார். என்னிடம்.

நான் அமைத்து வைத்திருந்த வாசகங்கள் ஒன்றும் வரவில்லை.

"நான் சொல்லிடறேன் ஆயம்மா. எல்லார்கிட்டயும்."

"என்னன்னு?"

"தாள்ல எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். நீயும் சொன்ன. இருந்தும் குடுத்தேன். காச்சினதால இல்ல, நான் குடுத்ததால."

அவர் கையை நிறுத்தவில்லை. ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையின் முழங்கையைப் பிடித்தார்.

"சொல்லுவீங்க. கேட்டுக்குவாங்க. பொறகு ஒருத்தராவது அந்த எண்ணெய்க்கு வாயத் தொறப்பாங்களா? கருப்பாயி மலை ஏறுறா. மாரி பொண்டாட்டி புள்ள பெத்துப் பொழச்சுக் கெடக்கா. போன வருசம் ரெண்டு பேரையும் பாடையில வப்பாங்கன்னு நெனச்சோம். எம் பேரு கெட்டா நான் ஒருத்தி. மருந்து பேரு கெட்டா தோட்டம் பூராவும் சின்னம்மா."

"அப்ப நீ?"

"எனக்கென்ன. செரங்கு கழுவ யாரும் வேணாங்கல."

அவர் சொன்னது சரியாக இருந்தது. இன்றைக்கும் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மாலையில் நான் வாயை மூடியது அது சரி என்பதற்காக இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சொல்ல வேண்டியதில்லை. அவரே சொல்லிவிட்டார், வேண்டாம் என்று. அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் நான் மூச்சு விட்டதில்லை.

அவர் அதைப் பார்த்திருப்பார். முகம் பார்க்கத் தெரிந்தவர்.

இப்போது புழு மருந்தைப் பற்றி யாருக்கும் பயமில்லை. சுகாதார வாரியத்தார் வந்தால் பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள். பெரிய இடங்களில் கொடுப்பதற்கு முன் சிறுநீரைப் பார்த்தே கொடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். சொல்லாதிருக்க அவர் தந்த காரணம் முடிந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பண்டாரவளைக்கும் அந்தத் தோட்டத்துக்கும் ஒரு பகல் தூரம். போகவில்லை. காசிம் நானா வாசலில் நிறுத்திக் கேட்கும் வரை, ஆயம்மா சாகும் வரை, அந்தப் பழி அவர் மேலேயே இருந்தது. அதை அவர் சுமந்துகொண்டு பிள்ளைகளின் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எனவே அவரை அறிந்தவர்களே, தங்கத்தின் வாயில் அந்த மருந்துக் கரண்டியை வைத்தது நான். பேச்சியம்மாள் வேண்டாம் என்றார். ராக்காயி உயிரோடு இருந்தால் இதை அவளுக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். அவள் கேட்டதால் நடந்தது என்று அவள் நினைக்க வேண்டாம். அவளுக்குத் தாளைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நினைவஞ்சலியில் இறந்தவர் விட்டுப்போனதை எழுதுவார்கள். அவரிடமிருந்து என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அவர் சொன்ன சொற்கள் சில உண்டு. அவற்றை மேலே எழுதிவிட்டேன். நான் வைத்திருப்பது அந்த மாலையில் அவர் எனக்குக் கொடுத்த நிம்மதி. அது எனக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

அன்று நாங்கள் பேசி முடித்த நேரத்தில் ராக்காயி கொழுந்து நிறுத்துவிட்டு அந்த வழியாக வந்தாள். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை, தங்கத்துக்குப் பிறகு பிறந்தது. பிள்ளையின் கைகளில் சிரங்கு. சீழ் மஞ்சளாகத் தெரிந்தது. எங்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள்.

"ராக்கு, வெந்நி இருக்கு. கழுவிட்டுப் போ. நான் தொடல. நீயே கழுவு."

ராக்காயி நிற்கவில்லை. லயத்தின் கோடிவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மற்றப் பிள்ளைகளைக் கழுவி முடித்ததும், மிச்ச வெந்நீரை ஆயம்மா கொட்டவில்லை. பானையைத் தட்டால் மூடினார். சுத்தமான துணி ஒன்றை மடித்து அதன்மேல் வைத்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தார். ராக்காயியின் லயத்துக் காம்பரா வாசலில் அதை இறக்கி வைத்தார். கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார்.